சித்தாலேப மணம்

தாதியர் பயிற்சிக் காலத்தில் நோயாளிகள் என்னை மூன்று விதமாக அழைத்தார்கள். வெள்ளைச் சட்டையைக் கண்டதும் ‘டொக்டர்’ என்பார்கள். டொக்டர் இல்லை என்று தெரிந்ததும் ‘தம்பி’ ஆகிவிடுவேன். நடுச்சாமத்தில் வலி பொறுக்காமல் கூப்பிடும்போது பழக்கதோஷத்தில் ‘மிஸ்’ என்று கத்திவிட்டு, ஓடிவந்து நிற்பவனின் மீசையைப் பார்த்து வெட்கப்படுவார்கள். அதற்காக நான் கோபித்ததில்லை. ‘தாதி’ என்ற சொல்லே பெண்பால்தானே. அரசாங்கம் ‘தாதிய உத்தியோகத்தர்’ என்று எழுதி ஒருவாறு சமாளிக்கிறது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு அது போதவில்லை. யாராவது கேட்டால், “மகனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை” என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார்.

ஒத்துணர்வு, அதாவது மற்றவரின் நிலையில் நின்று உணர்வது, எங்களுக்கு வகுப்பில் ஒரு பாடமாகத்தான் முதலில் வந்தது. இரக்கம் வேறு, ஒத்துணர்வு வேறு என்று ஆசிரியை பலகையில் கோடு கிழித்துப் பிரித்தார். பிறகு ஒத்துணர்வை அளக்கும் ஜெபர்சன் அளவுகோல் என்ற வினாத்தாளைத் தந்தார். 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி, மொத்தம் 140. எனக்கு 118 வந்தது. பக்கத்து மேசையில் இருந்த காலி ஊர்ச் சிங்கள நண்பனுக்கு 101. இந்த அளவுகோலில் ஆண் மாணவர்களின் சராசரி பெண்களைவிடக் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருப்பதாக ஆசிரியை சொன்னபோது, நான் விதிவிலக்கு என்ற பெருமையோடு நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வாரம் அவனைக் கேலியும் செய்தேன். நம்மைப் பற்றி நாமே என்ன எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதைத்தான் அந்தத் தாள் அளக்கிறது என்பது புரிய எனக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டார்.

அவரைப் பற்றி எழுதும்போது ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர் என்பது போதும். கன்னத்தின் உட்புறத்தில் தொடங்கிய கட்டி வெளியே உடைத்துக்கொண்டு வந்திருந்தது. மூச்சு தடைப்படாமலிருக்கத் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். ஆகவே பேச்சு வராது. மகன் வாங்கிக் கொடுத்த 80 பக்கக் கொப்பியில் பென்சிலால் எழுதித்தான் பேசுவார். நான் பயின்ற அந்த நோயாளர் விடுதியில் வைத்தியர்களும் தாதியரும் அநேகமாகச் சிங்களவர்கள். அவர்கள் நல்லவர்கள்தான், கொப்பியை அக்கறையோடு வாங்கிப் பார்ப்பார்கள், தமிழ் எழுத்தைக் கண்டதும் புன்னகைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த விடுதியில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு இது பெரிய பதவி.

இலங்கையில் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில் உறுதிப்படுத்தியது. இதையெல்லாம் நான் நன்றாகப் படித்திருந்தேன். அதனால் அனுமதிப் படிவம் நிரப்பும்போது, “எத்தனை வயதிலிருந்து வெற்றிலை போடுகிறீர்கள்?” என்று கேட்ட குரலில் பொலிஸ்காரன் ஒருவன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவர் எழுதினார்: “விடிய ஐந்து மணிக் குளிரில் நீ மலை ஏறியிருக்கிறாயா?”

அன்றைக்கு நான் கற்றதை இப்போது புதிய மாணவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன். படிவத்தில் கேள்வி எந்த வரிசையில் இருந்தாலும், குற்றம் தொனிக்கும் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டால் வெற்றிலை தானாகவே அந்தக் கதைக்குள் வந்துவிடும். ஆண்டுக் கணக்கும் சரியாகக் கிடைக்கும்.

இனிச் சித்தாலேப என்ற காரமான மணமுள்ள மூலிகைத் தைலம். உடைந்த கட்டியின் நாற்றத்தை வார்த்தையில் சொல்ல மாட்டேன். பழகியவர்களுக்குத் தெரியும், பழகாதவர்களுக்குத் தெரிய வேண்டாம். காலை மருந்து கட்டும் முறை எனக்கு விழுந்த முதல் நாள், குமட்டல் முகத்தில் காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயந்து, முகக்கவசத்தின் உள்ளே சித்தாலேபவைத் தாராளமாகத் தடவிக்கொண்டு போனேன். மாணவர் விடுதிப் பையன்கள் சொல்லித் தந்த உபாயம். திரையை இழுத்தேன், பஞ்சைக் கழற்றினேன், முகம் சுளிக்கவில்லை. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. முடித்துக் கையுறையைக் கழற்றும்போது அவர் கொப்பியை நீட்டினார்.

“சித்தாலேப மணக்கிறது. என் வாய் அவ்வளவு மோசமா தம்பி?”

பென்சிலை அழுத்தி எழுதியிருந்ததில் ‘மோசமா’ என்ற சொல் அடுத்த தாளிலும் பதிந்திருந்தது. எனக்குத் தடிமன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் நம்பியிருக்க மாட்டார்.

மறுநாள் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, “மூக்கு உனக்கும் மூக்குத்தானே” என்றார்கள். உண்மைதான். குமட்டல் வருவது குற்றமில்லை. ஆனால் அந்த மனிதர் இரவும் பகலும் அதே நாற்றத்தோடுதான் இருக்கிறார். அவருக்குச் சித்தாலேப கொடுக்க யாருமில்லை. நான் என் மூக்கைப் பார்த்துக்கொண்டேன், அவருடைய மூக்கை மறந்துவிட்டேன். விடுதிப் பொறுப்புத் தாதியான சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். புண்ணில் பெருகும் ஒரு வகைப் பக்டீரியாவால்தான் அந்த நாற்றம் எழுகிறது, மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின் மேலேயே இட்டால் வெகுவாகக் குறையும் என்று விளக்கிவிட்டு, வைத்தியரிடம் எழுதி வாங்கித் தந்தார். பஞ்சை ஊறவைத்து மெதுவாகக் கழற்றினால் இரத்தம் கசிவது குறையும். வாய்க்கு மென்மையான தூரிகை, உப்பும் சமையற்சோடாவும் கலந்த இளஞ்சூட்டு நீர், சில மணி நேரத்துக்கு ஒரு தடவை. மருந்து கட்டும் நேரத்தைச் சாப்பாட்டு நேரத்திலிருந்தும் மகன் வரும் நேரத்திலிருந்தும் தள்ளிவைத்தோம். நான்காம் நாள் பக்கத்துக் கட்டில்காரர் தன் கட்டிலை மறுபடி பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார். வகுப்பில் ஒத்துணர்வை மனதுக்குள் நடக்கும் ஒன்றாகவே படித்திருந்தேன். இங்கே அது சரியான மருந்தைக் கேட்டு வாங்குவதாகவும் பஞ்சை ஊறவைப்பதாகவும் இருந்தது.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பது வழக்கம். இவர் எப்போதும் விரலால் நான்கு காட்டுவார். தூங்காத கண்ணும் இறுகிய தாடையுமாக நான்கு. ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு, எப்படி வலிக்கிறது என்று மட்டும் கேட்டேன். அரைப் பக்கம் எழுதினார். காது வரை ‘விண் விண்’ என்கிறது, நாக்கின் அடியில் எரிகிறது, இரவில் தாடை கடுக்கிறது. யாழ்ப்பாணத்தார் ‘நோகிறது’, ‘உளைகிறது’ என்பார்கள், மலைநாட்டில் வேறு சொல். எரிவுக்கும் கடுப்புக்கும் வேண்டிய மருந்து ஒன்றல்ல என்பதால் வைத்தியருக்கு இந்தச் சொற்கள்தாம் உதவின. சரி, பிறகு ஏன் நான்கு? ஐந்துக்கு மேல் சொன்னால் ஊசி போடுவார்கள், ஊசி போட்டால் தூக்கம் வரும், புறக்கோட்டைக் கடையில் வேலை முடித்து மகன் வரும்போது தூங்கிக்கொண்டிருப்பேன் என்று எழுதினார். லண்டனில் 1967இல் இறுதிக்கால நோயாளிகளுக்கான புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் கலந்த ‘முழுமை வலி’ என்று ஒன்றைச் சொன்னார். அவரும் தாதியாகத் தொடங்கி, சமூக சேவையாளராகி, பிறகு வைத்தியராகப் படித்தவர். பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்த அந்தச் சொல்லின் பொருள் அந்த நான்கு விரல்களில் இருந்தது. ஊசி நேரத்தை மாற்றினார்கள், மகனையும் பார்த்தார், இரவும் தூங்கினார்.

பெண்கள் விடுதியில் என் அனுபவம் சுருக்கமானது. திரைக்குள் நான் நுழைந்ததும் போர்வை கழுத்துவரை ஏறும். ஆரம்பத்தில் அது மனதைத் தைத்தது. அங்கே வேலை செய்த மூத்த ஆண் தாதி ஒருவர் சொல்லித் தந்ததை இன்றும் கடைப்பிடிக்கிறேன். திரைக்கு வெளியே நின்று பெயரைச் சொல், என்ன செய்யப் போகிறாய் என்று சொல், செய்யலாமா என்று கேள், கூட ஒரு பெண் தாதியைக் கூப்பிடு. வேண்டாம் என்றால் முகம் மாறாமல் விலகு. விலகிவிட்டு ஒரேயடியாகப் போய்விடாதே, தொடாமல் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. அப்படி ஒன்று எனக்கும் கிடைத்தது. மார்பகப் புற்றுநோய்க்கு டொக்ஸோரூபிசின் ஏற்றிய ஒரு தாய், கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்தார். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, உள்ளே ஏதோ வெடித்துவிட்டது என்று நடுங்கினார். அந்த மருந்தே சிவப்பு நிறம், ஓரிரு நாட்கள் அப்படித்தான் போகும். ஏற்றும் முன்பே யாரோ சிங்களத்தில் சொல்லியிருந்தார்கள், அவர் மரியாதைக்குத் தலையாட்டியிருந்தார். அன்று முதல் தமிழ் நோயாளிகளுக்கு மருந்து ஏறும் முன் போய் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சிவப்பாகப் போகும் என்று சொல்வேன். இரண்டு மூன்று வாரத்தில் தலைமயிர் உதிரத் தொடங்கும் என்பேன். வீட்டில் காய்ச்சல் 38 பாகையைத் தாண்டினால் பனடோலைக் குடித்துவிட்டுப் படுக்காமல் உடனே வர வேண்டும் என்பேன். வீட்டில் வெப்பமானி இருக்கிறதா என்று கேட்காமல் இதைச் சொல்லிப் பயனில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன்.

கட்டியை வெட்டி எடுக்கலாமா என்று ஸ்கேன் பார்த்து முடிவு செய்யும் நாள். வைத்தியர் குழுவோடு கட்டிலருகே வந்தார். கட்டி கழுத்து இரத்தக் குழாயைச் சுற்றிவிட்டது, சத்திரசிகிச்சை செய்ய முடியாது, வலியும் இரத்தக் கசிவும் குறைய மகரகமவுக்கு அனுப்பிக் கதிர்ச் சிகிச்சை கொடுப்போம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கொழும்பில் ‘மகரகமவுக்கு அனுப்புகிறார்கள்’ என்றால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை அங்கே இருப்பதால் ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. 138ஆம் இலக்க பஸ்ஸில் பெரிய ஸ்கேன் உறையோடு ஒருவர் ஏறினால் யாரும் சொல்லாமலே இடம் கொடுப்பார்கள். எங்கள் மொழியில் நோய்க்கும் துயரத்துக்கும் ‘வருத்தம்’ என்ற ஒரே சொல்தான். அதையும் ‘அந்த வருத்தம்’ என்று தள்ளிவைத்துத்தான் சொல்வோம். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்:

“சத்திரசிகிச்சை தேவையில்லையாம் ஐயா. கரண்ட் மட்டும் கொடுத்தால் வலி குறையுமாம்.”

முடியாது என்பதைத் தேவையில்லை ஆக்கிவிட்டேன். ஒரு சொல்தான். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். பெரியவர் “நல்லது” என்று எழுதினார். மனைவிக்கு அழைக்கச் சொன்னார். என் தொலைபேசியிலிருந்தே அழைத்து அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னேன். அந்த அம்மா அழுதார், கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தாராம். பரிவோடு நடந்துகொண்ட திருப்தியில் அன்று இரண்டு கறி கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தை மாதத்துக்குள் மகளின் கல்யாணத்தை வைத்துவிடலாமா, அதற்குள் வேலைக்குத் திரும்பிவிடுவேனா என்று கொப்பியில் கேட்டபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. வேறு வழியின்றிச் சிஸ்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும். “அவர் உன்னிடம் ஆறுதல் கேட்டாரா, செய்தி கேட்டாரா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தியரை அழைத்துப் பேசினார்.

இரண்டாம் தடவை எல்லாம் வேறு விதமாக நடந்தது. எப்படி என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பு விடுதிகளில் இரண்டு மொழி தெரிந்த ஒவ்வொரு மாணவனும் ஒரு நாள் இந்த இடத்தில் நிற்பான். திரையை இழுத்து, வைத்தியருக்குக் கதிரை போட்டோம். மகனும் வந்திருந்தார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் என்னைத் தனியே கெஞ்சினார். அதை நான் தீர்க்கவில்லை, வைத்தியரிடம் சொன்னேன். வைத்தியர் பெரியவரிடமே கேட்கச் சொன்னார்: விபரத்தை உங்களிடம் சொல்லவா, மகனிடம் சொல்லவா? “இரண்டு பேரிடமும்” என்று எழுதினார். அதன் பிறகு வைத்தியர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வேன். ‘சொல்கிறார்’, ‘ஆம்’ என்ற ஒட்டுக்கள் இல்லாமல், வைத்தியர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொன்னேன். ‘ஆம்’ போட்டுப் பேசும்போது செய்தியிலிருந்து நாம் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறோம், அந்த இடைவெளியில்தான் பொய் நுழைகிறது. கடைசியில், விளங்கியதை அவர் வார்த்தையிலேயே எழுதச் சொன்னோம். “வெட்ட முடியாது. வலிக்கு மட்டும் வைத்தியம்” என்று எழுதினார். மகன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் முன்பு தவறாகச் சொன்னதை அவரிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கொப்பியை மூடித் தலையணைக்குக் கீழே வைத்தார். இரண்டு நாள் எனக்கு ஒரு வரியும் எழுதவில்லை. மருந்து கட்டுவதற்குக் கன்னத்தைக் காட்டுவார், கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த இரண்டு இரவும் மாணவர் விடுதியில் நான் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். காலி நண்பன் பிறகு சொன்னான். ஆண் பிள்ளைகள் இதில் விசித்திரமானவர்கள். பெண் மாணவிகள் மரணம் கண்டு வந்தால் ஒரு கட்டிலில் நாலு பேர் உட்கார்ந்து அழுதுவிட்டுத் தூங்குவார்கள். நாங்கள் கரம் விளையாடுவோம். செத்தவரின் கட்டில் எண்ணை வைத்துப் பகிடி விடுவோம். அடுத்த நாள் அதே எண் கட்டிலுக்கு வேறொருவர் வரும்போது அருகே போக மனம் வராது. ‘விறைத்துப் போனவன்’ என்று பெயர் எடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படி உருவானவர்கள்தாம் என்பது என் எண்ணம். இரண்டாம் இரவு நண்பன் என்னைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு பிளேன் டீ சொன்னான். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. 101 புள்ளிக்காரன்.

மூன்றாம் நாள் காலையில் கொப்பி வெளியே வந்தது. ஒரு சொல்: “சவரம்.”

மூன்று வாரத் தாடி. பெண் தாதியரிடம் இதைக் கேட்க அவருக்கு மனம் வந்திருக்காது, நான் ஆணாக இருந்தது அன்று வசதியாகப் போயிற்று. கதிர்ச் சிகிச்சை நடக்கப் போகும் தோலில் பிளேடு படக்கூடாது. ஆகவே வீட்டிலிருந்து என் மின்சாரச் சவரக் கருவியைக் கொண்டுவந்து, சிஸ்டரிடம் காட்டி, ஸ்பிரிட் தடவித் துடைத்தேன். மயிர் விழுந்து மூச்சை அடைக்காமல் தொண்டைக் குழாயைச் சுற்றி ஈரத் துணியை வளைத்து வைத்தேன். கட்டியுள்ள பக்கத்தில் ஓரத்தோடு நிறுத்திக்கொண்டேன். மற்றப் பக்கத்தில் தோலை இழுத்துப் பிடித்து மெதுவாக ஓட்டினேன். மீசையைத் தொட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மீசை வேண்டும். சரி. அரை மணித்தியாலம் ஆயிற்று. அவ்வளவு நேரம் நான் ஒரு நோயாளியின் முகத்துக்கு அவ்வளவு கிட்ட இருந்ததே இல்லை. முகக்கவசத்தின் உள்ளே ஒன்றும் பூசியிருக்கவில்லை.

முடித்ததும் ஆர்வக்கோளாறில் தொலைபேசிக் கமராவைத் திறந்து கண்ணாடிபோல் அவர் முன் நீட்டினேன். கேட்டுவிட்டு நீட்டியிருக்க வேண்டும். கட்டி உடைந்த பிறகு அவர் தன் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. என் கையை மெல்ல ஒதுக்கிவிட்டு, புறங்கையால் நல்ல பக்கத்துக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், நாடியின் கீழே ஓரிடத்தில் நின்றார், கொப்பியை எடுத்தார்.

“இங்கே கொஞ்சம் மிச்சம்.”

அடுத்த கிழமை அவரை மகரகமவுக்கு மாற்றினார்கள். எனக்கும் விடுதி மாற்றம் வந்தது. என் இடத்துக்குக் காலி நண்பன் வந்தான். பொறுப்புக் கொடுக்கும் நேரத்தில் பொக்கெட்டிலிருந்து ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதித் தரச் சொன்னான். நோகிறதா, எரிகிறதா, கடுக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, தொடலாமா என்று எழுதிக்கொண்டே போனேன். ‘பயப்படாதீர்கள்’ என்று நானாக ஒன்றை எழுதப் போனபோது தடுத்தான். அது வேண்டாம், “விளங்கவில்லை, இன்னொரு தடவை எழுதுங்கள்” என்பதற்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டான்.